இடமிருந்து வலம் நான்காவது

பழைய படத்தைத் தொடுவதற்கு முன் மிஸ் இரண்டு கை வளையல்களையும் கழற்றிப் பிஸ்கட் டின்னில் போடுவார். பிறகு கையைக் கழுவி, துண்டில் துடைத்து, அதுவும் போதாதென்று காற்றாடிக்குக் கீழே விரல்களை விரித்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பெரிய அதிகாரியே கதவைத் திறந்து தலையை நீட்டினாலும், "கை சுத்தமா இருக்கு துவான், கொஞ்சம் இருங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு உறையைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார். அதிகாரி நின்றுகொண்டிருப்பார். நான்தான் ஓடிப்போய் அவருக்கு நாற்காலி இழுத்துப் போடுவேன்.

எங்கள் ஊர் சிகாமட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். ஆறு பெருகி வீடுகளுக்குள் ஏறிய வருஷம் முதலில் போனவை படங்கள்தாம். கல்யாணப் படம், செத்தவர் படம், ரப்பர்த் தோட்டத்தில் எடுத்த கூட்டப் படம் எல்லாம் சேற்றில் ஒட்டிப் பாளம் பாளமாகக் கிடந்தன. அதற்குப் பிறகுதான் பொது நூலகத்தில் அந்தத் திட்டம் வந்தது. மிச்சமிருக்கும் படங்களைக் கொண்டுவாருங்கள், கணினியில் ஏற்றிவிட்டு அன்றைக்கே திருப்பித் தருகிறோம் என்றார்கள். நூலகத்துப் பெட்டிகளில் பூட்டிக் கிடந்த தோட்டத்துப் படங்களையும் இணையத்தில் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. அதை நடத்துவதற்கென்று ஜோகூர் பாருவிலிருந்து வந்தவர்தான் மிஸ். மலாய்க்காரர்கள் புவான் என்றார்கள். நாங்கள் மிஸ் என்றோம். என்னைவிடச் சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நான் படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவள். பாசிர் கூடாங்கில் மின்சாதனத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியாகத் தகட்டில் குறை பார்க்கிற வேலை. அதை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்து அம்மாவோடு இருந்தபோது நூலகத்தில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சான்றிதழைக் கேட்டால் என்ன சொல்வது என்று முதல் நாள் இரவு முழுக்கத் தூங்கவில்லை. மிஸ் அதைக் கேட்கவே இல்லை.

"கண்ணு நல்லா இருக்காக்கா? கை நடுங்குமா?"

"கை நடுங்காது மிஸ். மத்ததெல்லாம் நடுங்கும்."

சிரித்துவிட்டு அன்றைக்கே உட்கார வைத்துவிட்டார்.

வேலை இதுதான். படத்தைக் கண்ணாடியில் வைத்து, ஓரத்தில் நிறப்பட்டையை வைத்து, மூடி, பிரதி எடுக்க வேண்டும். பிறகு விவரம் அடிக்க வேண்டும். எங்கே எடுத்தது, யார் கொடுத்தது, படத்தில் யார் யார். மிஸ்ஸுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. இருப்பதை மாற்றக்கூடாது. சொன்னதையும் மாற்றக்கூடாது.

ஒருமுறை கல்யாணப் படம் ஒன்று வந்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால் ஓர் ஆள் வேட்டி விலகி, வாயைப் பிளந்து, குடித்துவிட்டுக் கிடந்தார். பார்க்கவே கூச்சமாக இருந்தது. படம் கொண்டுவந்த பெரியவர் என்னிடம் தணிந்த குரலில், "அந்தாள மட்டும் எடுத்துடும்மா. என் மாமனாரு" என்றார். நானும் வெட்டிவிட்டேன். மிஸ் திரையைப் பார்த்தார்.

"இங்க ஒருத்தர் படுத்திருந்தாரே, எங்கக்கா?"

"அசிங்கமா இருந்துச்சு மிஸ்."

"அன்னிக்கு இருந்தாரில்ல?"

"இருந்தாரு."

"அப்ப இருக்கட்டும்." பெரியவர் பக்கம் திரும்பி, "அங்கிள், வீட்டுக்கு எடுத்துட்டுப் போற காப்பில மாமனாரத் தூக்கிடுறேன். நூலகத்துல அவரு பாட்டுக்குப் படுத்திருக்கட்டும் லா" என்றார். பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சட்டம் எனக்கு அப்போது பிடித்திருந்தது. அதற்குக் காரணமும் மிஸ் காட்டியதுதான். வெள்ளைக்கார மேனேஜர் காலத்து ஆல்பம் ஒன்று நூலகத்தில் இருந்தது. நாய்க்குப் பெயர் எழுதியிருந்தார்கள். குதிரைக்குப் பெயர் எழுதியிருந்தார்கள். வரிசையாக நின்ற பெண்களுக்குக் கீழே 'கூலிகள்' என்று ஒரே வார்த்தை. மிஸ் அந்த வார்த்தையை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்.

"இதுல ஒருத்திக்குக்கூடப் பேரு இல்லயாக்கா? நான் எல்லாருக்கும் பேரு போடுவேன். நம்ம பேரப்புள்ளைங்க தட்டுனா அவங்க பாட்டி வந்து நிக்கணும்."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பு இல்லை. கூட வேலை செய்த எனக்குத் தெரியும். அந்தக் கண்ணீரை நம்பித்தான் நான் பல விஷயங்களைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

பால்மரம் சீவிய ஒரு கிழவர் பேச வந்தார். அவர் குரலைப் பதிந்து, கேட்டு, எழுத்தாக அடித்துப் போட வேண்டும். கோயில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை என்று பேசிக்கொண்டே வந்தவர், வேலைநிறுத்தம் நடந்த கதைக்கு வந்தார். அதற்கு ஆள் சேர்த்தது யார் என்று மேனேஜர் கேட்டபோது தான்தான் காட்டிக் கொடுத்ததாகச் சொன்னார். பெண்டாட்டிக்குப் பிரசவ நேரமாம். வீட்டை விட்டுத் துரத்திவிடுவேன் என்று மேனேஜர் சொன்னாராம். சொல்லிவிட்டு மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத எழுதாதம்மா" என்றார். மிஸ்ஸும் தலையை ஆட்டினார்.

மறுநாள் இணையத்தில் பார்த்தேன். எல்லாம் இருந்தது. கடைசி வரியாக 'இத எழுதாதம்மா' என்பதும் இருந்தது.

"மிஸ், அவரு வேணாம்னு சொன்னாரே."

"அதையும் எழுதிட்டேன்கா. அவரு சொன்னதுதானே."

அடிக்கும்போது அழுதிருக்கிறார், மூக்கு சிவந்திருந்தது. அழுதுகொண்டே அடித்திருக்கிறார். அந்தக் கிழவருக்குப் படிக்கத் தெரியாது. அது ஒரு நல்லகாலம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அவருக்குப் பிள்ளைகள் உண்டு என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஞாபகம் வந்தது.

மாதத்தில் ஒருநாள் மிஸ் முகம் சொல்லும் நாள் நடத்துவார். பெயர் தெரியாத கூட்டப் படங்களைப் பெரிய திரையில் போட்டு, பழைய தோட்டத்து ஆட்களை உட்கார வைத்து, வடையும் தேத்தண்ணியும் கொடுத்து, யார் யார் என்று கேட்பார். அன்றைக்கு நூலகம் நூலகமாக இருக்காது. "அலமாக், இவன் உசுரோட இருக்கும்போதே இப்படித்தான் செத்தவன் மாதிரி நிப்பான்" என்று ஒருவர் சொல்ல, "நீ மட்டும் என்ன" என்று இன்னொருவர் இழுக்க, ஒரே கூத்துதான். தோட்டத்தில் பலருடைய அடையாளக் கார்டுப் பெயர் யாருக்கும் தெரியாது. பட்டப்பெயர்தான் தெரியும். அதைத்தான் சொல்வார்கள். ஒற்றைக் கண்ணன், கோழி முனியம்மா, வெறிநாய் கிராணி. மிஸ் சொன்னது சொன்னபடி அடித்துக்கொள்வார்.

அப்படி ஒருநாள் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக நான் விடுப்பில் இருந்தேன். அன்றைக்குத்தான் பெரட்டுக் களத்துப் படத்தைத் திரையில் போட்டிருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடம் அது. வாளிகளோடு பெண்கள் வரிசையாக நிற்க, இடது ஓரத்தில் தொப்பி போட்ட கிராணி, வேலைக்கணக்கு எழுதுகிறவன். இடமிருந்து நான்காவதாக நிற்பது என் சின்னம்மா, அம்மாவின் தங்கை.

சின்னம்மாவின் கதை எனக்கு அம்மா சொல்லித் தெரியும். ஒருநாள் நிறுவையில் கட்டிப்பால், உறைந்துபோன ரப்பர்ப்பால், குறைந்தது. யார் எடுத்தது என்று தெரியவில்லை. கிராணி சின்னம்மாவைப் பிடித்து, கட்டிப்பால் சாக்கைக் கழுத்தில் மாட்டி, களத்தில் மதியம் வரைக்கும் நிற்க வைத்துவிட்டான். எடுத்தது கிராணியின் ஆள்தான் என்பது பிறகு லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பால்திருடி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான். புருஷன் செத்ததும் சின்னம்மா இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வந்து, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைத்து, முறுக்குப் போட்டு விற்று, ஒரு வீடு வாங்கினாள். ஊரில் அவளைக் கேண்டின் அம்மா என்பார்கள். பழைய பெயர் ஊருக்குள் வரவே இல்லை.

தீபாவளிக்கு மறுநாள் எல்லோரும் சின்னம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சின்னம்மா மகன், என் தம்பி முறை, புது டிவியில் கைப்பேசியை இணைத்து, "அம்மா, ஒங்க பேர அடிச்சா என்ன வருது பாருங்க, ஒங்கள நூலகத்துல போட்டிருக்காங்க" என்றான். பெரட்டுக் களம் சுவர் அகலத்துக்கு வந்தது. சின்னம்மா மூக்குத்தியோடு, சிறு பெண்ணாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். எல்லோரும் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்தோம்.

"அத்தை, செம அழகு நீங்க" என்றாள் மருமகள்.

"அப்பவே ஒங்க மாமனாரு பின்னாடியே சுத்துவாரு" என்றாள் சின்னம்மா. அவளுக்குப் பெருமைதான்.

கீழே இருந்ததைத் தம்பி வாசிக்க ஆரம்பித்தான். அவன் மலாய்ப் பள்ளியில் படித்தவன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அடுத்த வார்த்தை என்னவென்று வாயில் வந்த பிறகுதான் அவனுக்கே தெரியும்.

"இட-மிருந்து வலம். ஒன்று, வெறி-நாய் கிராணி."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்தாள்.

"இரண்டு, லோரிக்-காரர் சம்சாரம். மூன்று, பெயர் தெரிய-வில்லை. நான்கு..." தன் அம்மாவின் முழுப் பெயரையும் சத்தமாக வாசித்துவிட்டு, அதே வேகத்தில், "என்கிற பால்-திருடி" என்று முடித்தான்.

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

"டிவிய அணைடா. கறி ஆறுது" என்றாள் சின்னம்மா.

அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. நூலகம் திறந்ததும் மிஸ்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மிஸ்ஸுக்கு முகம் வாடிவிட்டது. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒங்க சின்னம்மாவாக்கா அது? தெரியாதே. பாவம்."

"அந்த ஒரு வார்த்தைய எடுத்துடுங்க மிஸ்."

"எடுத்தா யாருக்கு லாபம்னு யோசிங்க. அந்தக் கிராணிக்குத்தான். அவன் பண்ண அநியாயத்துக்கு இருக்கற ஒரே சாட்சி அந்தப் பேருதான். அவங்களக் கூட்டிட்டு வாங்க. நடந்தத அவங்க வாயாலயே சொல்லட்டும். பதிஞ்சு பக்கத்துலயே போடுவோம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சின்னம்மாவிடம் போய் அப்படியே சொன்னேன்.

"நான் திருடலன்னு இப்பப் போயிச் சொன்னா, தெரியாதவனுக்கெல்லாம் தெரியும்டி" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யார் பார்த்திருப்பார்கள், சின்னம்மாவிடம் முறுக்கு வாங்குகிற சீனர் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாதே, அவர் கடையில் வேலை செய்கிற பெண்ணுக்குத் தெரியுமே என்றெல்லாம் ஓடும். அப்படி ஒரு காலையில் திறந்தபோது முதல் ஆளின் பெயர் மாறியிருந்தது. வெறிநாய் கிராணியைக் காணோம். அதற்குப் பதில் அவருடைய முழுப் பெயரும், 'தோட்ட அலுவலர், சமூகத் தொண்டர்' என்பதும் இருந்தன. நான்காவது அப்படியே இருந்தது.

"மிஸ், மொத ஆளு பேரு மாறியிருக்கு."

"ஆமாக்கா." திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவரு மகன் பெரிய ஆளு. வக்கீல் கடிதம் நேரா மேலிடத்துக்குப் போயிருச்சு. திட்டத்தையே நிறுத்திடுவோம்னாங்க. ஒரு வரிய விட்டுக்குடுத்து மத்தத எல்லாம் காப்பாத்திட்டேன்."

"அப்ப சின்னம்மா வரிய?"

மிஸ் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"அவங்களுக்கு வக்கீல் யாராச்சும் இருக்காங்களாக்கா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. கிண்டலாகக் கேட்டிருந்தால் எனக்கும் கோபப்பட ஒரு வழி கிடைத்திருக்கும். இருந்தால் தனக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்து, நிஜமாகவே கேட்டார்.

சின்னம்மாவிடம் இதைச் சொன்னேன். அந்த வாரமே கோயிலுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்துவிட்டாள். மிஸ்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க ஆன்ட்டி, வாங்க. ஒருநாள் வருவீங்கன்னு தெரியும்."

உட்கார வைத்துவிட்டு, பதிவுக் கருவியை மேசை நடுவில் வைத்தார்.

"அது என்னா?"

"நீங்க பேசறத எடுத்து வைக்கற மெஷின் ஆன்ட்டி."

"மொத அதத் தூக்கி உள்ள வை பாப்பா."

மிஸ் வைத்தார். பிறகு சின்னம்மாவின் முகத்தைப் பார்த்து, பொறுமையாக, மரியாதையாக நெடுநேரம் சொன்னார். நடந்தது அநியாயம். மறைத்தால் நடக்கவே இல்லை என்றாகிவிடும். அந்தப் பெயர் வைத்தவர்களுக்குத்தான் அவமானம், உங்களுக்கு இல்லை. சின்னம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

"வச்சவனுக்கு நல்ல சட்டையாப் போட்டு நிக்க வச்சிட்டியாமே."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"என் மருமக நல்ல புள்ள," என்றாள் சின்னம்மா. "ஆனா தேத்தண்ணிக்குப் பால் டின்ன எடுக்கறப்ப அவளுக்குச் சிரிப்பு வந்துருது. அடக்கிக்கிறா. அவ அடக்கறதப் பாத்துக்கிட்டுத்தான் நான் தேத்தண்ணி குடிக்கணும். தோட்டத்த விட்டு வரப்ப அந்தப் பேர அங்கயே போட்டுட்டு வந்தேன். நீ போயி மெனக்கெட்டுப் பொறுக்கிட்டு வந்து என் வீட்டுக்குள்ள போட்டுட்ட."

"ஆன்ட்டி, ஒங்களுக்கெல்லாம் பேரே இல்லாம கூலின்னு எழுதி வச்சிருந்தாங்க. அதனாலதான் நான்..."

"கூலியாவே இருந்துட்டுப் போறேன். கூலிய யாரும் பாத்துச் சிரிக்கல."

எழுந்து போய்விட்டாள். கொடுத்த தேத்தண்ணியை அவள் தொடவில்லை.

மறுநாள் நான் போவதற்கு முன்பே மாற்றியிருந்தார். நான்கு, பெயர் தெரியவில்லை. சின்னம்மாவின் பெயரையும் சேர்த்தே எடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்து மிஸ் எழுதிய ஒரே பொய் அதுதான். அவர் முகத்தில், தன் கையாலேயே ஏதோ ஒன்றை உடைத்துவிட்ட மாதிரி ஒரு கசப்பு இருந்தது. சின்னம்மாவுக்காக அப்படி ஒரு முகம் அவருக்கு வரவில்லையே என்று எனக்கு இருந்தது.

சில மாதங்களில் திட்டம் முடிந்தது. என் ஒப்பந்தமும் முடிந்தது. மிஸ் ஜோகூர் பாருவுக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, "ஒங்களுக்காகத்தாங்கா எடுத்தேன்" என்றார். நான் நன்றி சொன்னேன்.

பிறகு ஒருநாள் சின்னம்மா வீட்டில் முறுக்குப் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்த இடத்தில் கைப்பேசியைப் பார்த்தேன். பழைய தோட்டத்துக் கதைகளைப் போடுகிற முகநூல் பக்கம் ஒன்று. பெரட்டுக் களத்துப் படம். மாற்றுவதற்கு முன்பே யாரோ நூலகத்திலிருந்து விவரத்தோடு இறக்கி வைத்திருக்கிறார்கள். சின்னம்மாவின் பெயர் இருந்தது. அந்தப் பெயரும் இருந்தது. கிராணியை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள், வக்கீலுக்குப் பயந்திருப்பார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். 'இந்தம்மா இப்ப எங்க இருக்காங்க, பால நல்லாப் பூட்டி வைங்க' என்று ஒருவன். திரையைப் படம் பிடித்து மிஸ்ஸுக்கு அனுப்பி, ஏதாவது செய்யுங்கள் என்று எழுதினேன்.

சின்னம்மா அடுப்படியிலிருந்து, "என்னாடி மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல சின்னம்மா."

"அந்த நூலகத்துப் பொண்ணு எப்படி இருக்கா? கெட்டவ இல்லடி அவ. போயிச் சொன்னதும் எடுத்துட்டா பாரு. நான்தான் கொஞ்சம் வாய விட்டுட்டேன்." சூடான முறுக்கை ஒரு டப்பாவில் அடுக்கி, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினாள். "இத அவளுக்கு அனுப்பிவுடு. பஸ்ல குடுத்தாச் சேத்துருவாங்க."

டப்பா என் மடியில் இருக்கும்போதே மிஸ்ஸின் பதில் வந்தது. 'அங்க நான் கை வைக்க முடியாதுக்கா, திறந்து விட்டாச்சு. ஆனா இத அனுப்புனதுக்கு ரொம்ப நன்றி. நம்ம படங்கள மக்கள் எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு ஆண்டறிக்கையில காட்டச் சொன்னாங்க. எத்தன பேரு பகிர்ந்திருக்காங்க, பாருங்க. இதையே வைக்கிறேன்.'

முறுக்கை நான் அனுப்பவில்லை. சின்னம்மா எப்படியும் கேட்பாள். நல்லா இருந்துச்சாம் என்று சொல்ல வேண்டும்.